செம்புராங்கல் குவாரியில் மவுண்டன் பைக்: தரையை அறிந்து ஓட்டும் முறை

(காட்சி: காலை வெயிலில், கல் வெட்டி முடித்துக் கைவிடப்பட்ட ஒரு செம்புராங்கல் குவாரி. விளிம்பிலிருந்து அடிவரை படிப்படியான வெட்டு.)

செட்டிநாட்டில் மவுண்டன் பைக் ஓட்ட மலை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. குன்றக்குடி, பிரான்மலை போன்ற சில குன்றுகளை விட்டால் இது பெரும்பாலும் சமநிலம்தான்; ஆனால் காரைக்குடி, புதுக்கோட்டை வட்டாரத்துச் செம்மண் மேடுகளில், கட்டடங்களுக்கும் ஊருணிக் கரைகளுக்கும் செம்புராங்கல் வெட்டிய இடங்களும், சாலை போட கிராவல் அள்ளிய இடங்களும் வேலை முடிந்தபின் மேடும் பள்ளமுமாகவே கிடக்கின்றன. இவற்றின் இறக்கங்கள் உயரத்தால் அல்ல, தரையின் தன்மையால் கடினமானவை. அந்தத் தரை எப்படி உருவானது என்று தெரிந்தவர்தான் அதில் துணிந்து இறங்கலாம்.

(காட்சி: குவாரிச் சுவரின் குறுக்குவெட்டு. மேலே கருஞ்சிவப்புப் பாறை, கீழே வெண்மையும் சிவப்பும் கலந்த களி.)

வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நிலங்களில், பாறையிலுள்ள சிலிக்கா போன்றவை நீண்ட காலத்தில் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சித் தங்குவதால் உருவாவது செம்புராங்கல். மண்ணுக்குள் ஈரத்தோடு இருக்கும்போது கைக்கருவியால் வெட்டும் அளவுக்கு மென்மையாக இருந்து, வெளியே எடுத்துக் காய்ந்ததும் இறுகிப்போவது அதன் இயல்பு. இதே காரணத்தால், குவாரியின் மேல்தட்டு காற்றும் வெயிலும் பட்டுக் கல்லாக நிற்க, அதன் அடியிலுள்ள களிமண் மழைக்கு மழை அரித்துக்கொண்டே போகிறது. சில ஆண்டுகளில் விளிம்புக்குக் கீழே வெறும் காற்றுதான் இருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது உறுதியான பாறையாகவே தெரியும் என்பதுதான் இந்த இடங்களின் மிகப் பெரிய ஆபத்து. ஆகவே பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டு நன்றாக உள்ளே தள்ளியே ஓட்டுங்கள். எந்த இறக்கத்தையும் முதலில் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, நடந்து ஏறி, அதன்பின் சைக்கிளோடு இறங்குங்கள்.

(காட்சி: உள்ளங்கையில் ஒரு பிடி சரளை. உருண்டையான, பளபளப்பான சிவப்புப் பொடிக்கற்கள்.)

இதைச் சற்று அருகில் பாருங்கள். மண் கரைந்து போனபின் மேற்பரப்பில் மிஞ்சும் இந்த இரும்புச் சரளை, கூர்முனையே இல்லாமல் கோலிக்குண்டு போல உருளக்கூடியது. இறுகிய செம்மண்மேல் இது மெல்லிய அடுக்காகப் பரவியிருக்கும்போது டயர் மண்ணைத் தொடுவதே இல்லை. பிடிப்புள்ள தரையில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது; சரளையில் அதே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கி, ஓட்டுபவர் சுதாரிப்பதற்குள் தரையில் கிடப்பார். வளைவு வருவதற்கு முன்பே, வெறும் மண் தெரியும் இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, சரளைக்குள் நுழையும்போது பிரேக்கைத் தளர்த்தி, சைக்கிளை அதிகம் சாய்க்காமல் கடப்பதே சரியான முறை. ஏற்றத்திலோ எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். குறைந்த கியரில், சீட்டின் முன்பகுதியில் அமர்ந்து, ஒரே சீராக மிதிக்க வேண்டும்.

(காட்சி: கல் வெட்டிய படி ஒன்றில் மெதுவாக இறங்கும் சைக்கிள், பக்கவாட்டுப் பார்வை.)

கல்லைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்ததால் குவாரியின் உட்புறம் நேர்விளிம்புள்ள படிகளாக இருக்கும். படியை நேர்க்கோட்டில் சந்திக்க வேண்டும். சாய்வாகச் சென்றால் முன் சக்கரம் விளிம்பில் திரும்பிவிடும். முழங்கை மடிந்து, குதிகால் தாழ்ந்து, இடுப்பு சீட்டுக்குப் பின்னால் போகட்டும். சக்கரம் விளிம்பைத் தாண்டும் அந்தக் கணத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது.

கழிவுமண் குவியல்களில் ஏற வேண்டாம். கொட்டிய மண் தன்னால் எவ்வளவு சரிவில் நிற்க முடியுமோ அந்த எல்லையில்தான் நின்றுகொண்டிருக்கிறது. ஓர் ஆளின் எடை சேர்ந்தாலே சரியும்.

(காட்சி: உலக வரைபடம். ஆஸ்திரேலியாவின் தெற்கே டாஸ்மேனியா.)

சுரங்க நிலத்தைச் சைக்கிள் பாதையாக்குவது புதிய யோசனை அல்ல. டாஸ்மேனியாவின் டெர்பி, வெள்ளீயச் சுரங்கத்தால் வளர்ந்த சிற்றூர். 1929-ல் அங்கே சுரங்கத்துக்காகக் கட்டிய அணை பெருமழையில் உடைந்து 14 பேர் இறந்தார்கள். சுரங்கத் தொழில் ஓய்ந்து ஊர் மெலிந்துபோன நிலையில், 2015-ல் திறக்கப்பட்ட மவுண்டன் பைக் பாதைகள் அதற்கு மறுவாழ்வு தந்தன; 2017-ல் எண்டூரோ வேர்ல்ட் சீரிஸ் என்ற சர்வதேச மவுண்டன் பைக் பந்தயமே அங்கே நடந்தது. அங்கே பாதைகளைத் திட்டமிட்டு, வடிகால் அமைத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று வண்ணக் குறியிட்டு வைத்திருக்கிறார்கள். நம் குவாரிகளில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லாததால், ஓட்டுபவரே தமக்காக அதைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம்முடைய செம்மண்ணுக்கும் அப்படியொரு நாள் வர வேண்டும் என்பது என் உண்மையான ஆசை.

(காட்சி: டயரில் ஏறிய சீமைக்கருவேல முள்.)

கைவிட்ட குவாரியில் முதலில் முளைப்பது சீமைக்கருவேலம். சாதாரண ட்யூபோடு போனால் பஞ்சர் நிச்சயம். ட்யூப்லெஸ் டயரில், துளையை உள்ளிருந்தே அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றி ஓட்டுங்கள். அகலமான டயரில் சுமார் 22 முதல் 26 பிஎஸ்ஐ காற்று, பின்புறம் சற்றுக் கூடுதலாக, பெரும்பாலோருக்குப் பொருந்தும். வழியில் முள் தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள்; பல நேரங்களில் துளையை அந்த முள்தான் அடைத்துக்கொண்டிருக்கும். வீடு வந்து பிடுங்கி, துளை கீழ்ப்பக்கம் இருக்குமாறு சக்கரத்தைத் திருப்பி வைத்தால் சீலண்ட் வந்து மூடிவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் பள்ளங்களில் நீர் தேங்கியிருக்கும். ஓரம் சரிவாக இல்லாமல் செங்குத்தாக இறங்குவதால் குளிக்க இறங்கியவர் ஏறிவர முடியாது. கை கழுவக்கூட இறங்க வேண்டாம். மழை நின்று தரை காயும்வரை பொறுத்திருங்கள். பட்டா நிலமானால் உரிமையாளரிடமும், மற்ற இடமானால் ஊராட்சியிடமும் கேட்டுக்கொண்டு, இன்னும் வெடி வைக்கும் குவாரிகளின் பக்கமே போகாமல், விடியற்காலையில் துணையோடு செல்லுங்கள். எந்தக் குவாரிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.