‘கிராஜுவலி’ என்றால் மெதுவாகவா?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘கிராஜுவலி’ என்றொரு சொல் இருக்கிறது. ‘மெதுவாக’ என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, ‘ஸ்லோலி’ வரவேண்டிய இடத்திலும் இதைப் போட்டுவிடுகிறோம்.

தாத்தா மெதுவாக நடக்கிறார். இதை ‘கிராண்ட்ஃபாதர் வாக்ஸ் கிராஜுவலி’ என்று சொல்லிப் பாருங்கள், ஆங்கிலம் தெரிந்தவர் விழிப்பார். நடையின் வேகத்தைச் சொல்ல ‘ஸ்லோலி’தான் வேண்டும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் குதிக்காமல், இடையில் இருப்பதையெல்லாம் கடந்து மாறுவதுதான் ‘கிராஜுவலி’. காய்ச்சல் இறங்குகிறது, ஊர் பெரிதாகிறது, பார்வை மங்குகிறது. இங்கெல்லாம் தாராளமாகப் போடலாம்.

எதிர்ச்சொல்லைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். ‘ஸ்லோலி’க்கு எதிர், விரைவாக. ‘கிராஜுவலி’க்கு எதிர், திடீரென்று. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ‘பிரேக்க கிராஜுவலா அமுக்குங்க’ என்பார். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் கால் பிரேக்கைத் தொடுகிறது. முதலில் லேசாக, அப்புறம் அழுத்தமாக, வண்டி நிற்கப்போகும்போது சற்றுத் தளர்த்தி. எல்லாம் சில நொடிகள்தான். இதை மெதுவாக நடந்த காரியம் என்று யார் சொல்வார்? ஆனால் பின்சீட்டில் இருப்பவர் முன்னால் போய் முட்டிக்கொள்ளவில்லையே!

சொல்லின் வேர், லத்தீனில் ‘கிராடுஸ்’. அடி, படி என்று பொருள். கிரேடு, கிராஜுவேட், 100 படிகளாகப் பிரித்த சென்டிகிரேட் எல்லாம் இதன் பங்காளிகள். அதனால் நம்முடைய ‘படிப்படியாக’ இதற்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் மொழிபெயர்க்கும்போது எங்கேயும் அதையே எழுதினால் அரசாணை வாடை அடிக்கும். வலி ‘மெல்ல மெல்ல’க் குறையட்டும். பணத்தைச் ‘சிறுகச் சிறுக’ச் சேர்க்கட்டும். புது வேலை ‘போகப் போக’ப் பழகட்டும். சமையல் குறிப்பில் ‘கிராஜுவலி ஆட் தி மில்க்’ என்றிருந்தால், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்கிறார்கள்.

சரி, வாக்கியத்தில் எங்கே வைப்பது? பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால். துணைவினை இருந்தால் இரண்டுக்கும் நடுவில். ‘ஹெர் ஹெல்த் ஹாஸ் கிராஜுவலி இம்ப்ரூவ்டு’ என்பது மாதிரி. கடைசியில் வைத்தாலும் தவறில்லை. நொடியில் முடிந்துவிடுகிற ஒற்றைச் செயலோடு மட்டும் சேர்க்காதீர்கள். யாரும் படிப்படியாகத் தும்முவதில்லை.

நன்றி, வணக்கம்.