கூண்டுல பெருகுறது பாதி வேலைதான்

எல்லாருக்கும் வணக்கம். கமிட்டி தலைவர் அண்ணன் "மிருகம் பத்தி பேசுங்க தம்பி, ஆனா யானை புலின்னு ஆரம்பிக்காதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிட்டாரு, அதனால நேரா பாலைவனத்துக்குப் போயிருவோம். அரேபியன் ஓரிக்ஸ்னு ஒரு மான் வகை. உடம்பு வெள்ளை, காலு கரும்பழுப்பு, கொம்பு ரெண்டும் நீட்டமா நேரா நிக்கும். தண்ணிய கண்ணால பாக்காமயே வாரக்கணக்குல ஓட்டிரும், செடியில இருக்குற ஈரமும் விடியக்காலை பனியுமே அதுக்குப் போதும்.

அந்த வெயில தாங்குனத ஜீப்பு கொன்னுருச்சு. ஒட்டகத்துல வந்து வேட்டையாடுன காலத்துல எப்படியோ தப்பிச்சுது, எண்ணெய் காசு வந்து கார்ல துரத்தித் துரத்தி சுட ஆரம்பிச்சதும் முடிஞ்சு போச்சு. 1972-ல ஓமான்ல இருந்த கடைசி காட்டு ஓரிக்ஸும் போயிருச்சு.

நல்லவேளையா பத்து வருஷம் முன்னாடி, 1962-லயே சிலர் உஷாராகி ஏமன் பக்கம் போயி உயிரோட புடிச்சாங்க. அப்ப சேந்தது மொத்தம் ஒம்போது: காட்டுல புடிச்சது மூணு, லண்டன் ஜூ ஒண்ணு, குவைத் ஷேக் ஒண்ணு, சவூதி ராஜா நாலு. நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு, தோட்டத்து ஜனங்க மாசம் பத்து வெள்ளி பணம் போட்டு தோட்டம் வாங்குன மாதிரிதான் இதுவும், ஆளாளுக்கு ஒரு பங்கு. அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்ங்கற ஊரு வறண்ட ஊருங்கறதால அங்க வச்சு பெருக்குனாங்க. நம்ம நாட்டுல சுமத்ரா காண்டாமிருகத்துக்கு இப்படி அமையல பாருங்க, எவ்வளவோ முயற்சி பண்ணியும் 2019 நவம்பர்ல சபாவுல கடைசியா இருந்த இமானும் செத்துருச்சு.

இந்த ஓரிக்ஸ பெட்டியில ஏத்துறது லேசு இல்ல. கொம்பு அப்படி கூர்மை, பக்கத்துல நிக்குறவன குத்தும், தன் ஜோடியையே குத்தும். அதனால பைப்ப துண்டா வெட்டி ரெண்டு கொம்புலயும் சொருகி விட்டுட்டுத்தான் இந்த மாதிரி மிருகத்த ஏத்துவாங்க. கூண்டுல பெருகி திரும்ப ஓமானுக்கு வந்ததையும் உடனே தெறந்து விடல, வேலிக்குள்ளயே ரொம்ப நாள் வச்சு, யாரு பெரியவன் யாரு பின்னாடி வரணும்னு ஒரு மந்தையா செட் ஆன பெறகுதான் 1982 ஜனவரியில முதல் பத்து வெளிய போச்சு. காவலுக்கு அந்த எடத்துக்காரங்களான ஹராசிஸ் மக்களையே சம்பளம் போட்டு வச்சாங்க, எனக்கு இந்த கதையில ரொம்ப புடிச்சது இதுதான்.

90-கள் நடுவுல 400-ஐ தாண்டிருச்சு. 1994-ல யுனெஸ்கோ அந்த ஓமான் சரணாலயத்துக்கு உலக பாரம்பரிய எடம்னு பேரும் குடுத்துச்சு. அங்கதாங்க வந்துச்சு வினை. 1996-லேருந்து திருடனுங்க வந்தானுங்க, இந்த தடவ சுட இல்ல, உயிரோட புடிச்சு பணக்காரங்களோட சொந்த மிருகக்காட்சிக்கு விக்க. வேட்டைக்காரன்கிட்ட தப்பிச்சது, ஆசையா வளக்குறேன்னு வந்தவன்கிட்ட மாட்டிக்கிச்சு! 2007-ல பாத்தா 65-தான் மிச்சம், ஓமான் அரசாங்கமும் எண்ணெய் தேடுறதுக்காக சரணாலயத்த 90 சதவீதம் கொறைச்சிருச்சு, யுனெஸ்கோ பட்டியல்லேருந்தே தூக்கிட்டாங்க. அப்படி தூக்குனதுல உலகத்துலயே அதுதான் முதல் எடம்.

சவூதியில வேற மாதிரி, பெரிய வேலி போட்டாங்க. திருடன் வரல. ஆனா மழை எங்க பெய்யுதோ அங்க நடந்து போற ஜாதி இது, வேலிக்குள்ள வறட்சி வந்தப்ப போக வழியில்லாம நெறைய செத்துச்சு. எந்தப் பக்கம் போனாலும் இடி.

இருந்தும் விடல, அழியுற மிருகங்க பட்டியல்ல "காட்டுல அழிஞ்சது"ன்னு ஒரு காலத்துல எழுதி வச்சிருந்த மிருகம் 2011-ல மூணு படி ஏறி வந்துருச்சு, அப்ப காட்டுல ஏறக்கொறைய ஆயிரம் இருந்துச்சுன்னு கணக்கு.

நம்ம பேராக் சுண்ணாம்பு மலையில காம்பிங் குருன் இருக்கு, ஆடும் மானும் கலந்த மாதிரி கறுப்பா, சட்டப்படி அத தொடவே கூடாது. அதுக்கு ஃபீனிக்ஸும் வேணாம் கூண்டும் வேணாம், மலைய வெட்டாம விட்டு கண்ணி வைக்காம இருந்தா போதும். செம்பனை வேலைக்கு மலையோரமா போறவங்க கம்பி கண்ணிய பாத்தீங்கன்னா "நமக்கென்ன"ன்னு வராதீங்க, வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தானுக்கு ஒரு போன் போடுங்க. சரி, யாருக்காச்சும் கேள்வி இருந்தா கேளுங்க, பின்னாடி உக்காந்திருக்குற பசங்க மொதல்ல.