திரும்பி வரும் பிள்ளைக்கு ஒரு வாசல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் நமது பாடசாலைகளில் தரம் 1 பிள்ளைகளுக்குக் கால்கோள் விழா நடைபெறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வாயிலில் தோரணமும் நிறைகுடமும் இருக்கும். தரம் 2 பிள்ளைகள் வரிசையில் நின்று மாலை அணிவித்து, புதியவர்களைக் கைப்பிடித்து மண்டபத்துக்குள் அழைத்துச் செல்வார்கள். தாயின் சேலையை விட மறுத்து அழுத பிள்ளையும் அரைமணி நேரத்தில் சிரித்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த எனக்கு அந்தக் காலைப்பொழுதில் எப்போதும் மனம் நிறையும். அதே பிள்ளை தரம் 7 இல் படிக்கும்போது இரண்டு கிழமை வராமலிருந்துவிட்டு, ஒரு புதன்கிழமை காலையில் தனியாக வாயிலுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் அதற்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். ஒரு பாடசாலையின் பண்பாடு அந்தப் புதன்கிழமையில்தான் தெரியும் என்பது என் அனுபவம்.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் ஒரு பாடசாலையில் கற்பித்தேன். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து ஒரு மாணவன் வந்து படித்தான். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, மண்முனைத் துறையில் பாதை என்று நாம் அழைக்கும் மிதவைப் படகில்தான் வாவியைக் கடந்து வர வேண்டியிருந்தது என்பதை மூத்த நேயர்கள் நன்கு அறிவார்கள். அவன் அடிக்கடி முதலாம் பாடம் முடியும் நேரத்தில் வருவான். பிந்தி வந்தவன் வெளியே நிற்க வேண்டும் என்பது அப்போது நான் வைத்திருந்த விதி. ஒரு தவணை முழுவதும் அவனை விறாந்தையில் நிறுத்தினேன். ஏன் பிந்தினாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அடுத்த தவணையில் அவன் வரவில்லை. ஒரு நாள் நானே அந்தப் பாதையில் ஏறி அக்கரைக்குப் போக நேர்ந்தபோது, காற்று பலமாக வீசியதால் துறையில் ஒன்றரை மணி நேரம் காத்து நின்றேன். அவன் தன் காலைப்பொழுதுகளை எங்கே கழித்தான் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றதில் எனக்குப் பங்கு இருக்கிறது என்பதை இன்றும் நான் மறைப்பதில்லை.

நம்மால் வேறு விதமாக நடக்க முடியும் என்பதை 2005 ஜனவரியில் நாமே கண்டோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து கல்லடி, நாவலடி, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் எனக் கரையோரம் முழுவதையும் அழித்துச் சென்றபின், நமது பாடசாலைகள் பல அகதிமுகாம்களாயின. கரையிலிருந்து சற்று உள்ளே இருந்த ஒரு பாடசாலையில் அப்போது நான் அதிபராக இருந்தேன். தவணை தொடங்கியபோது வந்த பிள்ளைகள் பலரிடம் சீருடை இல்லை, சப்பாத்து இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, விடுகைப் பத்திரமும் இல்லை. நாங்கள் எதையும் கேட்கவில்லை. பெயரைக் கேட்டோம், சாப்பிட்டாயா என்று கேட்டோம், யாருக்கு அருகில் இருக்க விருப்பம் என்று கேட்டோம். பிந்தி வந்த எவரையும் யாரும் அதட்டவில்லை. பேசாமல் இருந்த பிள்ளையைப் பேசச் சொல்லி நெருக்கவுமில்லை. ஆசிரியர்களில் சிலர் தாமே வீட்டை இழந்தவர்கள். எனினும் அவர்கள் 'வாங்க மனே' என்று சொல்லித்தான் வாயிலில் நின்றார்கள். அந்த மாதத்தில் பாடசாலையின் ஒழுங்கு சிறிதும் குலையவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே வந்தார்கள், ஏனெனில் அந்நாட்களில் அவர்கள் போவதற்கு விரும்பிய இடம் அது ஒன்றே.

பிறகு நிலைமை சீரானது, விதிகளும் திரும்பின. விதிகள் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஜனவரியில் நாம் கேட்ட மூன்று கேள்விகளை ஏன் கைவிட்டோம்? இன்றும் நமது வகுப்பறைகளில் இழப்போடு வந்து அமரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய் மத்திய கிழக்கு நாட்டில் வீட்டு வேலை செய்ய, அம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைகள் உண்டு. மாசியிலும் பங்குனியிலும் பெரும்போக வெள்ளாமை வெட்டு நடக்கும்போது, பெற்றோருடன் வயல்வாடியில் தங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. மாரி வெள்ளத்தில் புத்தகப்பையைப் பறிகொடுத்துவிட்டு, அதைச் சொல்ல வெட்கப்பட்டு வராமலிருக்கும் பிள்ளைகளும் உண்டு.

1945 இல் வந்த இலவசக் கல்வி, கட்டணம் என்னும் தடையை நீக்கியது. 5 வயது முதல் 16 வயது வரை எந்தப் பிள்ளையும் பாடசாலைக்கு வெளியே இருக்கக் கூடாது என்று 2016 முதல் சட்டம் சொல்கிறது. உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் தடைசெய்தது. ஆயினும் 'துரை வந்திட்டாரோ, வழி தெரிஞ்சுதோ' என்று வகுப்பின் முன்னால் கேட்கப்படும் ஒரு வார்த்தையை எந்தச் சுற்றறிக்கையும் எட்டிப் பிடிக்காது. பிரம்பை விட்டுவிட்ட சிலர் இந்த வார்த்தையை மட்டும் விடவில்லை. நாற்பது பிள்ளைகள் சிரிக்கும்போது தலைகுனிந்து நிற்கும் பிள்ளை மறுநாள் வராது.

நான் கடைசியாகப் பணியாற்றிய பாடசாலையில் நாங்கள் செய்தவை மிக எளியவை. ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால், வகுப்பாசிரியர் அயல்வீட்டுப் பிள்ளையிடம் 'டீச்சர் உன்னைத் தேடினவ' என்று சொல்லி அனுப்புவார். அருகில் இருக்கும் மாணவர் அந்த நாட்களின் குறிப்புகளை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். பிள்ளை திரும்பி வந்த அன்று, காரணத்தை வகுப்பில் கேட்பதில்லை. இடைவேளையில், மரத்தடியில், தனியாகக் கேட்போம். காலை ஏழேகாலுக்கு நான் வாயிலில் நின்றேன். பிந்தி வருவோரின் பெயரை எழுதும் மாணவத் தலைவர்களிடம், பெயருக்கு எதிரே காரணத்தையும் எழுதச் சொன்னேன். ஒரு மாதம் சென்றபின் அந்தக் கொப்பியைப் புரட்டியபோது, பாதிப் பெயர்கள் ஒரே பேருந்தில் வருபவர்களுடையவை என்று தெரிந்தது. பேருந்துக்காரரிடம் பேசினோம், பத்து நிமிடம் முந்திப் புறப்பட அவர் இணங்கினார்.

பெற்றோருக்கும் இது பொருந்தும். அலுவலக வாயிலில் 'நாங்க படிக்காத சனம், சேர்' என்று நின்றபடியே பேசும் தாய்க்கு முதலில் ஒரு கதிரை கொடுக்க வேண்டும். அதேபோல், தொலைவிலிருந்து அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியையை, எப்போது இடமாற்றம் கேட்பார் என்று எண்ணியபடி வரவேற்கக் கூடாது. தமிழ்ப் பாடசாலைக்கு வரும் முஸ்லிம் ஆசிரியருக்கும், முஸ்லிம் பாடசாலைக்கு வரும் தமிழ் ஆசிரியருக்கும், அடுத்தடுத்து ஊர்கள் அமைந்த நமது கரையோரத்தில், முதல் நாள் தேநீரே பாதி அச்சத்தைப் போக்கிவிடும்.

இப்படி இளகினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று என்னிடம் மூத்த ஆசிரியர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை எனக்குப் புரிகிறது. நாங்கள் எந்தப் பாடத்தையும் குறைக்கவில்லை. தவறவிட்ட பயிற்சிகள் அனைத்தையும் அந்தப் பிள்ளை செய்தே ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். அதைச் செய்வதற்குப் பிள்ளை முதலில் வகுப்புக்குள் இருக்க வேண்டும்.

வெள்ளாமை வெட்டு முடிந்து ஐந்து கிழமைக்குப் பின் வந்த ஒரு சிறுமி நினைவுக்கு வருகிறாள். வகுப்பு வாயிலில் தயங்கி நின்றவள், சுவரில் ஒட்டியிருந்த துப்புரவுப் பணிப் பட்டியலைப் பார்த்தாள். வியாழக்கிழமைக்கு நேரே அவளுடைய பெயர் அப்படியே இருந்தது. அன்று வியாழக்கிழமை. புத்தகப்பையை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே போய் விளக்குமாற்றை எடுத்தாள்.

நன்றி, வணக்கம்.