மாமனார் வீட்டு உப்பு

(மதுரை செல்லூரில் மே தினப் பட்டிமன்றம். தலைப்பு: ‘தொழிற்சங்கத்துக்குக் கட்சித் தொடர்பு பலமே! பாரமே!’ இது ‘பலமே’ அணியின் மூன்றாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, செல்லூர்ப் பெருமக்களே, வணக்கம். நேரம் குறைச்சல், கோபம் நிறைய.

எதிரணி அக்கா என்ன சொன்னார்? “கட்சியோடு ஒட்டிய சங்கம் வீட்டோடு மாப்பிள்ளை. சோறு சூடாகக் கிடைக்கும், வாயைத் திறக்க முடியாது.” நீங்களும் கைதட்டினீர்கள். அக்கா, நானே வீட்டோடு மாப்பிள்ளைதான். பதினோரு வருஷம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பில் உப்பு இல்லை. மாமியார் கரண்டியோடு நிற்கிறார், மாமனார் மீசையோடு உட்கார்ந்திருக்கிறார். “உப்பு இல்லை” என்றேன். ஃபேன் சத்தம் மட்டும்தான். மனைவி என் காலை மிதிக்கிறாள். விட்டேனா? மறுபடியும் சொன்னேன், “உப்பு... இல்லை.” அடுத்த ஞாயிறு இரண்டு பங்கு உப்பு! வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் கோரிக்கை நிறைவேறியதா இல்லையா? தெருவில் நின்று கத்தியிருந்தால் நாய்தான் திரும்பிப் பார்த்திருக்கும்.

அட, இந்த ஊர்த் தமிழ்ச்சங்கமே பாண்டியன் ஆதரவில் இருந்ததுதானே! அதற்காக நக்கீரர் குற்றம் சொல்லாமல் விட்டாரா?

1920இல் பம்பாயில் ஏஐடியுசி என்ற அகில இந்தியத் தொழிற்சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் லாலா லஜபதி ராய். அவர் என்ன, தறி ஓட்டியவரா? காங்கிரஸ்காரர். சிறையில் இருந்தபடியே 1952இல் மதுரை வடக்கில் ஜெயித்த கம்யூனிஸ்ட் பி. ராமமூர்த்திதான் சிஐடியு சங்கத்தின் முதல் பொதுச்செயலாளர். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது, 1970இல் ஏஐடியுசி சங்கமும் உடைந்து சிஐடியு பிறந்தது என்றாரே அக்கா? அது சரிதான். நடுவர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டாம்.

என் அப்பா மில் தொழிலாளி. அந்தப் பிரிவில் அவர் ஏஐடியுசியிலேயே நின்றார், பக்கத்துத் தறிக்காரர் சிஐடியுவுக்குப் போனார். அதோடு பேச்சும் நின்றது. டீக்கடையில்கூட ஆளுக்கொரு பெஞ்சு.

அப்பா செத்த அன்றைக்கு அவர் வந்தார். நாலாக மடித்த சங்கக் கொடியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். அப்பா மேல் கிடந்த கொடியைத் தொடவில்லை, பக்கத்திலேயே விரித்தார். ஓரத்தைச் சரிசெய்யும்போது விரல் நடுங்கியது. இரண்டும் சிவப்பு, இரண்டும் வெளுத்துப் போனது. எடுக்கிற நேரத்தில் அம்மா கேட்டாள், “இதில் உங்க கொடி எதுண்ணே?”

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கே தெரியவில்லை.

மணி அடித்துவிட்டீர்களா? சரி, வணக்கம்.