எல்லாப் பழியும் கீமோவுக்கா?

வணக்கம். மூன்று மாதத்துக்கு முன் போட்ட வீடியோவில் ஒரே கதையை இரண்டு தடவை சொல்லியிருந்தேன். எடிட் செய்தபோதும் என் கண்ணில் படவில்லை, நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. முதலில் சிரித்தேன். அப்புறம் பயந்துவிட்டேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: எனக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இருந்தது. கீமோ, கழுத்துக்கு ரேடியேஷன் எல்லாம் முடிந்து 9 வருடம் ஆகிறது. மறதி என்றதும் வீட்டில், "கீமோ செய்த வேலை" என்று முடித்துவிட்டார்கள். நானும் நம்பினேன். ஆனால் கீமோவால் வரும் மந்தம் பெரும்பாலும் சிகிச்சைக் காலத்திலோ அதையொட்டியோ தொடங்கும். இத்தனை வருடம் தெளிவாக இருந்துவிட்டுப் புதிதாக வந்தால், வேறு காரணம் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும்.

எனக்கு அது தைராய்டு. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குப் பல வருடம் கழித்தும் அந்தச் சுரப்பி தளர்ந்து போகலாம். குளிர் தாங்கவில்லை, மலச்சிக்கல், எதை யோசித்தாலும் மெதுவாகத்தான் வந்தது. தைராய்டு தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன் ஏறிக் கிடந்தது. இப்போது தினமும் வெறும் வயிற்றில் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை. 6 வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டினார்கள்.

டாக்டர் அதோடு விடவில்லை. வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், சோடியம் எல்லாம் பார்த்தார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ அசிடிட்டிக்கான ஒமெப்ரசோலோ வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இருந்தவர்கள் கால்சியத்தையும் பார்க்க வேண்டும். அது ஏறினால் தாகம், தூக்கக் கலக்கம், குழப்பம் வரும். நோய் திரும்பியதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம்.

அப்புறம் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். தூக்கத்துக்காக நான் தினமும் போட்டுக்கொண்டிருந்த பழைய வகை அலர்ஜி மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்தார். "அது வெறும் சளி மாத்திரைதானே" என்று வாதாடிப் பார்த்தேன். தோற்றேன். அது மறதியைக் கூட்டுமாம். தூக்க மாத்திரையும் நரம்பு வலிக்குப் போடும் கபாபென்டினும் அப்படித்தான். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதும் மனச்சோர்வும்கூட மறதி மாதிரியே தோன்றும்.

திடீர்க் குழப்பம், காய்ச்சலோடு தலைவலி, பேச்சுக் குளறல், ஒரு பக்கம் பலவீனம் என்றால் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தொற்றாகவோ மூளையில் ரத்தக்கசிவாகவோ இருக்கலாம்.

அந்தப் பழைய வீடியோவை நான் வெட்டவில்லை. கதை இரண்டு தடவையும் அப்படியே இருக்கிறது.