உயிர்த்தெழுதலின் சாட்சிகள்: எதுவரை நம்பலாம்?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டா என்ற விவாதம் எங்கே நடந்தாலும் ஒரே மாதிரியாகத்தான் நடக்கிறது. ஒரு தரப்பு இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷங்களையும் எடுத்து வைத்து, "நேரில் கண்டவர்கள் சொன்னதைப் பாருங்கள்" என்கிறது. மறுதரப்பு அதே நான்கையும் புரட்டி, "ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவே இல்லையே" என்கிறது. மாலைப்பொழுது முழுக்க இதிலேயே போய்விடுகிறது. இன்று சுவிசேஷங்களைச் சற்றுத் தள்ளி வைப்போம். அவற்றுக்கு முன்பே எழுதப்பட்ட ஒன்று நம் கையில் இருக்கிறது. முதலில் அதைப் படிப்போம்.

அது ஒரு கடிதம். முதலில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திப் பின்னர் மனம் மாறி இயேசுவை அறிவித்த பவுல், கி.பி. 54-ஐ ஒட்டி எபேசு நகரிலிருந்து கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவ சபைக்கு எழுதியது. கடவுள் நம்பிக்கை இல்லாத ஆய்வாளர்கள்கூட இதைப் பவுல் எழுதியதாகவே ஏற்கிறார்கள். இதன் 15ஆம் அதிகாரத்தில், தனக்கு முன்னிருந்தவர்களிடம் கேட்டு வாங்கிய ஒரு செய்தியைப் பவுல் அப்படியே எடுத்துச் சொல்கிறார். கிறிஸ்து மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கு, அதாவது சீடர் பேதுருவுக்குத் தரிசனமானார், பின்பு பன்னிரு சீடருக்கு. அதன் பிறகு 500-க்கும் அதிகமான சகோதரருக்கு ஒரே வேளையில்; அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். பிறகு யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியாகத் தான்.

இந்தச் செய்தி எவ்வளவு பழையது? கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுலே ஒரு கணக்குத் தருகிறார். தான் மனம் மாறி மூன்று ஆண்டுகள் கழித்து எருசலேமுக்குப் போய்க் கேபாவோடு 15 நாள் தங்கினாராம்; இயேசுவின் சகோதரன் யாக்கோபையும் பார்த்தாராம். சிலுவை மரணம் கி.பி. 30 அல்லது 33 என்று கொண்டால், இந்தச் சந்திப்பு 30-களின் பிற்பகுதிக்குள் வந்துவிடுகிறது. பட்டியலில் உள்ள இருவரோடு அவர் நேரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். ஆகவே, "இது பல தலைமுறைகள் கழித்து வளர்ந்த கட்டுக்கதை" என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியது: அந்த வாதம் நிற்காது. அதை விட்டுவிடுங்கள்.

இப்போது விசுவாசிகளான நண்பர்கள் பக்கம் திரும்புகிறேன். அந்தப் பட்டியலில் இல்லாதவை எவை என்று கவனியுங்கள். கல்லறைக்குப் போன பெண்கள் இல்லை. புரட்டப்பட்ட கல் இல்லை. தூதன் இல்லை. எங்கே கண்டார்கள், என்ன பேசினார், தொட்டார்களா, சாப்பிட்டாரா, ஒன்றுமே இல்லை. அது கதை சொல்லவில்லை. பெயர்களை வரிசையாக அடுக்குகிறது, அவ்வளவுதான். போதாததற்கு, பவுல் தன் அனுபவத்தையும் அதே வரிசையில் வைக்கிறார். ஆதி சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின்படி, மனம் மாறிய அன்று தமஸ்கு வழியில் அவர் கண்டது வானத்து ஒளி, கேட்டது ஒரு குரல். கேபா கண்டதும் அதுபோன்றதுதானா, வேறு விதமா? பவுல் பிரித்துக் காட்டவில்லை. 500 பேர் கண்ட நிகழ்ச்சியோ சுவிசேஷம் எதிலும் சொல்லப்படவே இல்லை. இத்தனை பெரிய சாட்சியை நால்வரும் ஏன் விட்டார்கள் என்ற கேள்வியை மேடைகளில் யாரும் எழுப்பாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனிச் சுவிசேஷங்களைத் திறக்கலாம். பெண்கள் எத்தனை பேர், தூதர் ஒருவரா இருவரா என்பதில் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. எந்த நிகழ்ச்சியை நாலு பேர் சொன்னாலும் அந்த அளவுக்கு வேறுபாடு வரும். கனமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பெரும்பாலான ஆய்வாளர்கள் மாற்குவைத்தான் முதல் சுவிசேஷம் என்கிறார்கள்; கி.பி. 70 வாக்கில் எழுந்தது. அங்கே கல்லறையில் இருந்த வாலிபன் பெண்களிடம், அவர் உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார், அங்கே அவரைக் காண்பீர்கள் என்கிறான். மத்தேயுவில் அப்படியே, எருசலேமுக்கு வெகு வடக்கே இருக்கும் கலிலேயாவின் மலையில் சந்திப்பு நடக்கிறது. லூக்காவின் கையில் மாற்கு இருந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. ஆனால் லூக்காவில் அந்த வாக்கியம், "கலிலேயாவில் இருந்தபோது அவர் உங்களுக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்" என்று மாறிவிடுகிறது. கலிலேயாவுக்குப் போகும் பயணமே காணாமல் போகிறது. உன்னதத்திலிருந்து வரும் பெலனைப் பெறும்வரை எருசலேமிலேயே இருங்கள் என்று இயேசு சொல்லிவிடுகிறார். எருசலேமுக்கு அருகிலுள்ள எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் தொடங்கி எல்லாத் தரிசனங்களும் எருசலேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடக்கின்றன. இதை நினைவுப் பிசகு என்று கடந்துவிட முடியாது. லூக்கா தெரிந்தேதான் மாற்றியிருக்கிறார். அவருக்கென்று சொல்ல ஒரு செய்தி இருந்தது, அதற்கேற்ப அமைத்தார். நான்கையும் ஒட்டுப்போட்டு ஒரே கதையாக்குகிறவர்கள், நான்கு பேரும் எழுதாத ஐந்தாவது சுவிசேஷம் ஒன்றை எழுதுகிறார்கள்.

மாற்குவின் முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய கிரேக்க வேதாகமக் கைப்பிரதிகளான சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் மாற்கு 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு முடிகிறது. பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதோடு சரி. அதற்குப் பின்னுள்ள 12 வசனங்கள் பிற்காலச் சேர்க்கை. அப்படியானால் முதல் சுவிசேஷத்தில் வெறுமையான கல்லறை உண்டு, தரிசனக் காட்சி ஒன்றுகூட இல்லை. பவுலிடம் தரிசனங்கள் உண்டு, வெறுமையான கல்லறையைக் கண்ட செய்தி இல்லை. இவை இரண்டு தனித்தனி மரபுகளாக இருந்து பின்னால் இணைந்தனவா என்ற கேள்வியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

"பெண்களைச் சாட்சிகளாக யார் கற்பனை செய்வார்கள்?" என்று கேட்பார்கள். இதில் வலு இருக்கிறது. பெண்களின் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்று அந்த நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ் எழுதியிருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற தத்துவ அறிஞர் சாட்சி சொன்ன பெண்ணை மனம் பேதலித்தவள் என்று இகழ்ந்ததை, அவருக்கு மறுப்பு எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் உடலுக்கு வாசனைப் பொருள் பூச வந்தவர்களே அந்தப் பெண்கள் என்கிறார் மாற்கு. அந்த வேலைக்குப் பெண்கள் வருவதில் புதுமை இல்லை. எனவே இதை ஓரளவு வலுவான வாதம் என்பேன். முடிவான வாதம் என்று சொல்ல மாட்டேன்.

மறுப்பாளர்கள் தரும் மாற்று விளக்கங்களும் உரசிப் பார்க்க வேண்டியவையே. சீடர்கள் உடலைத் திருடினார்கள் என்றார் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ரெய்மாரஸ். அவர் இறந்த பிறகு 1770-களில் ஜெர்மன் எழுத்தாளர் லெசிங் அதை வெளியிட்டார். இயேசு சிலுவையில் மயங்கித்தான் போனார் என்று வேறு சிலர் சொன்னார்கள். அந்த மயக்கக் கதையைச் சிதைத்தவர் அற்புதங்களை நம்பாத ஜெர்மன் இறையியலாளர் டேவிட் ஸ்ட்ராஸ். குற்றுயிராகத் தவழ்ந்து வந்து, காயங்களுக்குக் கட்டுப்போடச் சொல்லும் ஒருவரைப் பார்த்து, சாவை வென்றவர் என்று யாருக்குத் தோன்றும் என்று 1864-இல் கேட்டார். மிஞ்சுவது அகக்காட்சி, அதாவது அவர்கள் கண்டது மனத்துக்குள் எழுந்த தோற்றமே என்ற விளக்கம். துக்கத்திலும் குற்ற உணர்விலும் இருந்த கேபாவுக்கு அது பொருந்தும். பவுலுக்கு என்ன துக்கம்? அவர் சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்தவர். அவருக்குள் வேறு வகை மனப்போராட்டம் இருந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் அதற்கு அவர் கடிதங்களில் கிடைக்கும் ஆதரவு மிக மெலிது.

சாட்சி பொய்யாவது அற்புதம் நடப்பதைவிடப் பெரிய அற்புதமாக இருந்தாலொழிய அதை நம்பக்கூடாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூம் 1748-இல் எழுதினார். கடவுள் இல்லை என்று ஏற்கெனவே தீர்மானித்தவருக்கு அது முழு விடை. கடவுள் இருக்கக்கூடும் என்பவருக்கு அது அரைகுறை விடை. மேடையில் ஏறுமுன் தாம் எதை முன்கூட்டியே ஏற்றிருக்கிறோம் என்று ஒவ்வொரு பேச்சாளரும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

எனக்குப் பின் பேசவிருக்கும் இரு தரப்பினர் முன்னும் யாக்கோபை நிறுத்துகிறேன். இயேசு உயிரோடிருந்த காலத்தில் அவருடைய சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் எழுதுகிறார். அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று இனத்தார் பிடிக்க வந்ததாக மாற்கு எழுதுகிறார். சில ஆண்டுகளில் அந்தச் சகோதரர்களில் ஒருவரே எருசலேம் சபையின் தூண். கி.பி. 62-இல் அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டதை ஜோசப்பஸ் பதிவு செய்கிறார். யூதரின் சமயச் சட்டமான நியாயப்பிரமாணத்தை மீறினார் என்பதே குற்றச்சாட்டு. உயிர்த்தெழுதலை அறிவித்ததற்காகக் கொன்றார்கள் என்று அவர் எழுதவில்லை, அதை நாமும் ஏற்றிச் சொல்லக்கூடாது. நடுவில் நடந்தது என்ன? "பின்பு யாக்கோபுக்குத் தரிசனமானார்" என்ற பவுலின் ஒற்றை வரியைத் தவிர புதிய ஏற்பாட்டில் வேறு தகவல் இல்லை. ஒரு தரப்பு நண்பர்கள் அந்த வரி போதும் என்று ஏன் நினைக்கிறார்கள் என்று விளக்கட்டும். மறுதரப்பு நண்பர்கள் அந்த வரி இல்லாமல் யாக்கோபின் மாற்றத்தை எப்படி விளக்குவார்கள் என்று சொல்லட்டும். கேட்கக் காத்திருக்கிறேன். வணக்கம்.