உண்ணிக் கடி, ஆட்டிசம், ஆன்டிபயாடிக்: முதல் வேளை மருந்துக்கு முன்

அவையில் கூடியிருக்கும் பெற்றோர்களுக்கு வணக்கம்.

இங்கே வந்திருப்பவர்களில் பலர் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, கனெக்டிகட் பக்கம் குடியிருப்பவர்கள். வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதைத் தாண்டினால் மரங்கள், மரங்களுக்கு நடுவே மான்கள். உண்ணி கடித்துப் பரவும் கிருமி நோயான லைம், அமெரிக்காவில் அதிகமாகப் பதிவாகும் வட்டாரம் இது. இதே வட்டாரத்தில் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று ஒரு நாள் சொல்கிறார்கள். கொஞ்ச நாளில் இன்னொருவர் வந்து, "இது லைமால் வந்ததாக இருக்கலாம், ஆறு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாருங்கள்" என்கிறார். காரணம் தெரியாமல் தவித்தவர்களுக்குக் காரணமும் மருந்தும் ஒரே வாய்ச்சொல்லில் கிடைத்துவிடுகிறது. அதைக் கேட்டு மனம் அசையாத தாய் தகப்பன் யார்? அசைவதில் தவறே இல்லை. ஆனால் முதல் வேளை மருந்தைப் பிள்ளையின் வாயில் ஊற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு லைம் இருந்தால், ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், லைமுக்கு உரிய மருந்தை உரிய நாள் வரை முழுதாகக் கொடுங்கள். ஆட்டிசத்துக்காக ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள்.

இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்ததே தாய்மார்களால்தான். கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரில் பாலி மரே என்ற அம்மா தன் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் மூட்டு வீங்கிய பிள்ளைகளைப் பெயர் எழுதிச் சேர்த்து, 1975-இல் மாநிலச் சுகாதாரத் துறையிடம் போனார். இன்னொரு தாயும் அதே புகாரைச் சொன்னார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் குழு வந்து பார்த்தது. மூன்று ஊர்களில் 51 பேர், அவர்களில் 39 பேர் குழந்தைகள். 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டுபிடித்தார். பொரேலியா பர்க்டார்ஃபெரை என்று அதற்கு அவர் பெயரே வந்தது.

டாக்டர்கள் மறுத்ததைப் பெற்றோர் கண்டுபிடித்தார்கள் என்ற வரலாறு இருப்பதால்தான் இன்றைக்கும் பலர், "அன்றைக்கும் இப்படித்தான் இல்லை என்றார்கள்" என்று வாதிடுகிறார்கள். நியாயமான வாதம். ஆகவே அன்றைய கூற்றுக்கு வைத்த அதே சோதனையை இந்தக் கூற்றுக்கும் வைத்துப் பார்ப்போம்.

லைமுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்ற கருத்து 2008-இல் 'மெடிக்கல் ஹைப்போதிசிஸ்' என்ற இதழில் வந்தது. பிற நிபுணர்கள் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் அந்த இதழில் அப்போது கிடையாது. கருத்து வந்ததில் குற்றமில்லை. அதைச் சோதித்தாக வேண்டும். சோதித்தார்கள். 2013-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வந்தது: ஆட்டிசம் உள்ள 70 பிள்ளைகள், இல்லாத 50 பிள்ளைகள், எல்லோருடைய ரத்தத்திலும் இரண்டு கட்டப் பரிசோதனை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஒருவருக்குக்கூட லைம் உறுதியாகவில்லை. நோயின் வயதையும் பாருங்கள். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடும். குழந்தைகளில் லைம் அதிகம் வருவது 5 முதல் 9 வயதில். வட்டார வாதமும் நிற்கவில்லை. 2022-ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கெடுப்பில், எடுத்த இடங்களிலேயே ஆட்டிசம் மிக அதிகமாகப் பதிவானது கலிபோர்னியாவில். 8 வயதுப் பிள்ளைகளில் 19 பேருக்கு ஒருவர். லைம் குறைவாக உள்ள மாநிலம் அது.

இனி பரிசோதனைக்கு வருகிறேன். அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் கட்டம் எலைசா, ரத்தத்தில் லைம் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை. அதில் பாசிட்டிவ் என்றோ எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றோ வந்தால்தான் இரண்டாம் கட்டம், வெஸ்டர்ன் பிளாட். அந்த அறிக்கையில் 23, 39, 41 என்று எண்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் கிருமியின் ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைக் குறிக்கும் கோடு. நோயின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் வகையில் மூன்றில் இரண்டு கோடு வேண்டும். நோய் தொடங்கி 30 நாள் தாண்டிவிட்டால் ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பிறகு உருவாகும் ஐஜிஜி வகையில் பத்தில் ஐந்து கோடு வேண்டும். 41-ஆம் கோட்டைக் கவனியுங்கள். அது கிருமியின் வாலில் உள்ள புரதம். வால் உள்ள வேறு எத்தனையோ கிருமிகளில், நம் வாயில் சும்மா வாழ்பவை உட்பட, இதை ஒத்த புரதம் உண்டு. அதனால் லைமே வராத பலருக்கும் இந்தக் கோடு தெரியும். "41 பாசிட்டிவ், ஆகவே லைம்" என்று எழுதித் தரும் அறிக்கை உங்கள் கையில் இருந்தால், அதை வைத்து ஒரு மாத்திரைகூடத் தொடங்க வேண்டாம். சிடி57 என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை, சிறுநீரில் லைம் தேடும் பரிசோதனை ஆகியவற்றை நம்பியும் தொடங்க வேண்டாம்.

தொற்றுநோய், நரம்பியல், மூட்டுநோய் என மூன்று மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ச்சி அல்லது நடத்தைச் சிக்கல் மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு லைம் பரிசோதனையை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்கிறது. இது அலட்சியத்தால் சொன்னது அல்ல. நோய் இருக்கும் வாய்ப்பே மிகக் குறைவான இடத்தில் பரிசோதனை செய்தால், வரும் பாசிட்டிவ்களில் பெரும்பாலானவை பொய்யாகவே இருக்கும்.

மறுபக்கத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் உண்ணி கடிக்கும், லைம் வரும். பேசாத பிள்ளை "கால் வலிக்கிறது" என்று சொல்லாது. படியில் ஏற மறுக்கும், திடீரென நொண்டும், முழங்காலைத் தொட்டால் கத்தும், தலையைச் சுவரில் மோதும். "இது ஆட்டிசத்தோடு வருவதுதான்" என்று மருத்துவமனையில் அனுப்பிவைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்சட்டையைக் கழற்றி இரண்டு முழங்காலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலும் லைமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மே முதல் ஜூலை வரை தினமும் குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கப் பாருங்கள். இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், முடிக்குள், முழங்காலுக்குப் பின்புறம். கண்டால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீக்குச்சி, நெயில் பாலிஷ், எண்ணெய் எதுவும் வேண்டாம். கிருமி உடம்புக்குள் இறங்கப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடித்தது லைமைப் பரப்பும் மான் உண்ணி, 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தது, லைம் அதிகமுள்ள பகுதி என்று மூன்றும் சேர்ந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தருவார்கள். கடித்த 3 முதல் 30 நாளில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவும் சிவப்புத் தடிப்பு வந்தால் அதுவே நோய்க்குப் போதிய சான்று. ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். நம் நிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ காயம்பட்ட கன்றல் போலவோ தெரியலாம். தினமும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

உறுதியானால் மருந்து எவ்வளவு? தடிப்பு மட்டும் என்றால் டாக்சிசைக்ளின் 10 நாள், அல்லது அமாக்சிசிலின் 14 நாள். மூட்டு வீக்கம் என்றால் 28 நாள். நரம்பைத் தொட்டிருந்தால் 14 முதல் 21 நாள். 20 கிலோ பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அமாக்சிசிலின் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம், மூன்று வேளையாக. ஒரு வேளைக்குச் சுமார் 330 மில்லிகிராம். 5 மில்லிக்கு 400 என்ற சிரப்பில் சுமார் 4 மில்லி. மொத்தம் 42 வேளை. டாக்சிசைக்ளின் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம், இரண்டு வேளையாக. ஒரு வேளைக்கு 44. மொத்தம் 20 வேளை. வாயில் எதை வைத்தாலும் துப்பும் பிள்ளைக்கு 42-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று இங்கே உள்ள அம்மாக்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டு வயதுக்குக் கீழே டாக்சிசைக்ளின் கூடாது, பல் கறையாகும் என்ற பழைய அச்சத்தால் அதைத் தள்ளிவிட வேண்டாம். 21 நாள் வரை எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்லிவிட்டது. 21 நாளைத் தாண்டி இழுக்கும்போது அந்த உத்தரவாதம் கிடையாது.

டாக்சிசைக்ளின் கசக்கும். சாதாரண மாத்திரையை நொறுக்கிச் சாக்லேட் புட்டிங்கில் கலக்கலாம். மெதுவாகக் கரையும் வகையை நொறுக்கக் கூடாது, எந்த வகை என்று பார்மசியில் கேளுங்கள். கொடுத்ததும் நிறையத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும், பேசாத பிள்ளை அதன் பிறகு சாப்பாட்டையே வெறுக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். நம் பிள்ளைகளில் பலர் கால்சியம், இரும்பு, துத்தநாகம், மக்னீசியம் சாப்பிடுகிறார்கள். இவை டாக்சிசைக்ளினைக் குடலிலேயே கட்டிப் போட்டுவிடும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

பிள்ளை ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு மோதல் வேறு உண்டு. வலிப்புக்குக் கார்பமாசெபின் சாப்பிட்டால் டாக்சிசைக்ளினின் அளவு ரத்தத்தில் குறையும். எரிச்சல், ஆத்திரத்துக்கு ரிஸ்பெரிடோன் சாப்பிட்டால் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்க்கும் முன் இதயத் துடிப்பைப் பார்க்கும் இ.சி.ஜி. கேளுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், அதே எரிச்சலுக்குக் கொடுக்கும் அரிபிபிரசோலின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்தது எல்லோரும் கேட்கும் கேள்வி: "ஆன்டிபயாடிக் கொடுத்தபோது என் பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசினானே, அது பொய்யா?" நீங்கள் கண்டது பொய்யில்லை. ஆனால் அதற்குக் காரணம் லைம் என்பது தனியாக நிரூபிக்க வேண்டியது. காது வலியோ பல் சீழோ ஆறினால் எந்தப் பிள்ளையும் தெளிவாகும். டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் போன்றவை கிருமியைத் தவிர அழற்சியையும் குறைக்கும். குடல் கிருமிகள் மாறும். 2000-இல் வெளியான சிகாகோ ஆய்வில், ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளுக்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழியாக எட்டு வாரம் கொடுத்தார்கள். பெரும்பாலோர் முன்னேறினார்கள், மருந்தை நிறுத்தியதும் முன்னேற்றமும் கரைந்தது. ஒப்பீட்டுக்கு வேறு குழு வைக்காத சோதனை அது.

ஒப்பீடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு செக்ரெட்டின் கதையே சாட்சி. 1998-இல் மூன்று பிள்ளைகள் அந்தக் குடல் ஹார்மோனால் தேறினார்கள் என்ற செய்தி வந்து, ஆயிரக்கணக்கானோர் ஊசிக்கு ஓடினார்கள். 1999-இல் 60 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். இரண்டு குழுவும் ஒரே அளவில் முன்னேறியது. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் செக்ரெட்டின் வேண்டும் என்றே சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நம்பிக்கையோடு பார்க்கும் கண் எவ்வளவு வலியது என்று அந்த எண் காட்டுகிறது.

நீண்ட நாள் மருந்தை, லைமுக்குப் பின் தொல்லை நீடித்த பெரியவர்களிடம் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2001-இல் 30 நாள் ரத்தநாளம் வழி செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக், பிறகு 60 நாள் டாக்சிசைக்ளின். நெதர்லாந்தில் 2016-இல் 280 பேருக்கு இரண்டு வாரத்துக்குப் பின் மேலும் 12 வாரம். போலி மருந்தைவிடக் கூடுதல் பலன் இல்லை. தீங்கு மட்டும் உண்மை. செஃப்ட்ரையாக்சோன் பித்தப்பையில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகப் படியும்; 1990-களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியிலேயே லைம் என்று மருந்து பெற்றவர்களிடம் இது கண்டறியப்பட்டது. நாள்பட்ட லைம் என்ற பெயரில் சிகிச்சை பெற்றுக் கடும் தொற்றில் விழுந்த ஐந்து பேரின் விவரத்தை 2017-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்டது. ரத்தநாளம் வழி மருந்து செலுத்தக் கையில் மாதக்கணக்கில் இருக்கும் பிஐசிசி குழாய் ரத்தத்துக்குள் கிருமி நுழையத் திறந்து வைத்த பாதை. கையில் ஒட்டிய எதையும் பிய்த்தெறியும் பிள்ளைக்கு அது இன்னும் மோசம்.

மருந்து தொடங்கிப் பிள்ளை மோசமானால் "ஹெர்க்ஸ், கிருமி சாகிறது" என்பார்கள். அந்த எதிர்வினை உண்மையில் உண்டு. ஆனால் அது முதல் 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் நடுக்கமுமாக வந்து ஒரு நாளில் அடங்கும். மூன்றாவது வாரத்தில் வரும் வெறியும் தூக்கமின்மையும் ஹெர்க்ஸ் ஆகாது.

இத்தனைக்கும் பிறகு ஒரு டாக்டர் நீண்ட நாள் மருந்து எழுதினால், நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சான்றை வைத்து லைம் என்கிறீர்கள்? எதில் முன்னேற்றம் எதிர்பார்க்கிறீர்கள்? எந்தத் தேதியில் நிறுத்துவோம்? நடுவில் எது நடந்தால் உடனே நிறுத்துவோம்? தேதி சொல்ல மறுத்தால் வேறு டாக்டரிடம் போங்கள். கனெக்டிகட்டில் 2009-இல் வந்த சட்டம் நீண்ட நாள் மருந்து எழுதும் டாக்டரைத் தண்டனையிலிருந்து காக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்பதற்குச் சட்டம் சான்றாகாது. ஊருக்குப் போகும்போது மருந்துக் கடையில் டாக்சிசைக்ளின் வாங்கி வந்து நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் கொடுத்து வருபவர்களும் இங்கே இருப்பீர்கள். இந்த மருந்துகளைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. டாக்டரிடம் பேசி நிறுத்தும் நாளைக் குறியுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தூக்க நேரம், ஒரு நாளைக்குப் பேசும் சொற்கள், தலை மோதும் எண்ணிக்கை மூன்றையும் குறித்து வாருங்கள். மருந்து விஷயம் தெரியாத ஆசிரியையும் தனியாகக் குறிக்கட்டும். நிறுத்திய பின் மூன்று மாதம் வரை, ஒரு நாளைக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனாலோ ரத்தம் கலந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்த்து ஆன்டிபயாடிக்குக்குப் பின் குடலில் பெருகும் சி.டிஃபிசில் கிருமிக்கான பரிசோதனை கேளுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை மட்டும் அதற்கு முன் கொடுத்துவிட வேண்டாம்.